மோட்டாரை நிறுத்தினது யாரு

அஞ்சம்மாக்கா பேரைச் சொன்னா இன்னிக்கும் அஸ்தினாபுரத்துல நாலு பேரு, "ஓ, அந்தக் கோந்து கம்பெனியைக் கெடுத்தவளா?"ன்னு கேக்கறாங்க. எனக்கு வயிறு எரியுது. கெடுத்தது யாரு, பழி சொமந்தது யாரு? அங்கயே நின்னு ரெண்டு கண்ணால பாத்தவ நானு. என் பேரு புஷ்பம், பாட்டில்ல லேபிள் ஒட்டிக்கினு இருந்தேன். எவன் கூப்ட்டாலும் சரி, எங்க வேணா வந்து சொல்லுவேன்.

அக்காவுக்கு முடிச்சூர். நெல்லு வெளைய வெச்ச குடும்பம். புருஷன் முனிரத்தினமும் அவரு அண்ணன்மாருங்களும் சேந்துகினு நெலத்தை பிளாட் போடறவன் கைல குடுத்துட்டு, ஆளுக்கொரு ஓட்டு வூட்டை இடிச்சு மாடி வூடு கட்டினாங்க. கட்டின வூட்டுல காத்தாடிக்குக் கீழ உக்காந்து முனிரத்தினம் ரேடியோ கேட்டுக்கினு இருந்தாரு. அக்காவால அப்டி உக்கார முடியல. விடிஞ்சா சேத்துல கால் வெச்ச பொம்பள, சும்மா இருந்தா ஒடம்பு வலிக்குதுன்னு சொல்லுச்சு. குரோம்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கோந்து கம்பெனி இருந்துச்சு. ஆபீசுல, ஸ்கூல்ல வெப்பாங்களே, ரப்பர் மூடி போட்ட சின்ன பாட்டில், அந்தக் கோந்து. அங்க வந்து சேந்துச்சு.

வந்த அன்னிக்கே தகராறு. கம்பெனிக்குள்ள கருவாடு, முட்டை எதுவும் கொண்டாரக் கூடாதுன்னு சட்டம். முதலாளி ஸ்ரீநிவாசன் சாரு சுத்த சைவம், சிட்லபாக்கத்துல வூடு. அக்கா டப்பாவைத் தொறந்துச்சு, வாசனை ஷெட்டு பூரா போச்சு. வாட்ச்மேன் ஓடியாந்தான். "சரிப்பா, உங்க சாமிக்கு ஆவாதுன்னா நான் வெளிய போய் துன்றேன்"னுட்டு, டப்பாவைத் தூக்கிக்கினு காம்பவுண்டுக்கு வெளிய வேப்ப மரத்துக்கிட்ட போயிடுச்சு. அப்பால தெனமும் அங்கதான் சாப்பாடு. சாப்ட்டு கையை சோப்பு போட்டுக் கழுவிக்கினுதான் உள்ள வரும். ஒருத்தர் மனசும் நோவக் கூடாதுன்னு நெனைக்கிற ஜென்மம் அது. ஆனா நீ மூஞ்சிக்கு நேரா ஒண்ணு கேட்டா, மூஞ்சிக்கு நேராதான் பதில் வரும்.

கோந்துன்னா பெரிய வித்தைன்னு நெனைச்சுக்காதீங்க. மரவள்ளி மாவும் தண்ணியும், அவ்ளோதான். வெறுமனே வெச்சா பழைய சோறு மாதிரி ஊசிப்பூடும். ஊசாம இருக்கறதுக்கு ஒரு வெள்ளை மருந்துப் பவுடரு போடணும். அந்தப் பவுடரு உப்பு மாதிரி கரையாது. எம்மாந் தண்ணி ஊத்தினாலும் பொடிப் பொடியாதான் நிக்கும். மொதல்ல அதைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கட்டி தட்டாம கொழைக்கணும், தோசை மாவு பதத்துக்கு. டிரம்முல மோட்டார் ஓடச் சொல்லோ கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். ஊத்தினப்புறம் மோட்டாரு நிக்கவே கூடாது. அந்தப் பொடி ஒவ்வொரு சொட்டுக் கோந்துலயும் போய் சமமா சேர்ற வரைக்கும் ஓடிக்கினே இருக்கணும். நடுவுல நிறுத்தினா பொடி அடியில போய் உக்காந்துக்கும். மேல கீற கோந்து மருந்து இல்லாம நாறும். அடியில கீறதுல மருந்து ஜாஸ்தியாயி கையை அரிச்சு எடுக்கும்.

இதை எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே மேனேஜரு லக்ஷ்மிநாராயணன் சாருதான். முதலாளியோட மச்சினரு. "கரண்ட் போனாலும் விடக் கூடாது, மரத் துடுப்பை எடுத்துக் கையாலயாவது கிண்டணும்"னு வாய் ஓயாம சொன்ன மனுஷன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. தெரியாம செஞ்சாருன்னு யாரும் எங்கிட்ட வந்து பரிஞ்சு பேசக் கூடாது.

பவுடர் கொழைக்கிற வேலை அக்காவோடது. மத்தவங்க யாரு செஞ்சாலும் கொஞ்சம் கட்டி தட்டிடும். அக்கா ஒரு மூலையில முந்தானையை மூக்குக்குக் கட்டிக்கினு பொறுமையா கொழைக்கும். ஒரு பாட்டில் கோந்து கெட்டுதுன்னு புகார் வந்தது கெடையாது.

தொண்ணூத்தொண்ணுல ஆயுத பூஜை வந்துச்சு. அன்னிக்குக் காலைல பெரிய டிரம் ஒண்ணு போட்டுக்கினு இருந்தோம். மத்தியானத்துக்கு மேல பூஜைன்னு சொல்லியிருந்தாங்க. ஆனா பூஜை பண்ற வாத்தியாருக்கு அன்னிக்கு வரிசையா கம்பெனிங்க, எல்லாத்தையும் முடிக்கணும். நம்ம கம்பெனிக்குக் காலைலயே வந்து நின்னுட்டாரு. அக்கா அப்பதான் பவுடரை ஊத்தி முடிச்சு வாளியைக் கீழ வெச்சுச்சு. நான் பக்கத்துல நின்னு தண்ணி எடுத்துக் குடுத்துக்கினு இருந்தேன். மேனேஜரு வேக வேகமா வந்தாரு.

"மோட்டாரை ஆஃப் பண்ணு. வாத்தியார் வந்தாச்சு."

"சார், பவுடரு இப்பதான் ஊத்தினேன். ஒரு மணி நேரம் ஓடட்டும் சார்."

"ஓடற மோட்டாருக்கா சந்தனம் வெக்கறது? நீ எனக்கு சொல்லித் தர்றியா?"

"அப்ப நிறுத்திக்குங்க சார். நான் துடுப்பால கிண்டிக்கினு இருக்கேன்."

"பூஜை அன்னிக்கு எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாதும்மா. துடுப்பும் ஆயுதம்தான். எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவரே போய் சுவிட்சைத் தட்டினாரு. அவரே துடுப்பைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, சாமி படத்துக்கு முன்னாடி படுக்க வெச்சாரு. நாங்க பொரி, கடலை, சுண்டல் வாங்கிக்கினு வூட்டுக்குப் போனோம். அந்தத் தூளு ராத்திரி பூரா நிம்மதியா அடியில போய் உக்காந்துச்சு.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துல சாஸ்திரத்துக்குக் கொஞ்ச நேரம் மோட்டாரை ஓட்டினாங்க. அடியில கெட்டியா பிடிச்சது அசையவே இல்ல. "அடியில கட்டியா கீது சார், இன்னும் ஓடணும்"னு அக்கா சொல்லிப் பாத்துச்சு. "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாதே, ஃபில் பண்ணு"ன்னாரு மேனேஜரு. ஃபில் பண்ணோம். டிரம்மைக் கழுவினது நானும் எங்கூட லேபிள் ஒட்டற பேபியும். அடியில கீற கோந்தை வழிச்சு எடுத்தோம், ரெண்டு பேருக்கும் வெரலு நடுவுல தோல் உரிஞ்சு, சோத்தைப் பெசைய முடியல. "சோப்பு ஒத்துக்கல போல"ன்னாரு மேனேஜரு. ஒரு மனுஷனுக்கு எம்மாம் நெஞ்சழுத்தம் இருக்கணும் பாருங்க.

மழைக்காலம் வந்துச்சு, பாட்டில் எல்லாம் திரும்பி வந்துச்சு. தாம்பரம் ஸ்டேஷனரி கடைக்காரங்க பொட்டி பொட்டியா ஆட்டோவுல போட்டு அனுப்பினாங்க. ரப்பர் மூடி உப்பிக்கினு நின்னுச்சு. தொறந்தா ஒரே கலீஜு, நாத்தம் கொடலைப் பிடுங்குது. மேல கருப்பா பூஞ்சக்காளான். முதலாளி ஸ்கூட்டர்ல வந்து எறங்கி மூக்கைப் பொத்திக்கினு நின்னாரு. "என்ன ஆச்சு லக்ஷ்மி? எப்படி இப்படி ஆச்சு?"ன்னு மச்சினரைக் கேட்டாரு.

அதுக்கு மேனேஜரு சொன்னாரு பாருங்க ஒரு வார்த்தை.

"பூஜை அன்னிக்கு யாரோ தீட்டோட உள்ள வந்து தொட்டிருக்கா. ஆத்துல ஊறுகாய் ஜாடியைத் தொட்டாலே கெட்டுப் போறதில்லையா? அதே மாதிரிதான்."

முதலாளி காலேஜ் படிச்சவரு. பவுடரு கம்பெனிக்காரன் வந்து இங்கிலீசுல விளக்கம் சொல்லச் சொல்லோ தலையாட்டினவரு. அவரு சிரிச்சுட்டுப் போயிருக்கணும். போகல. தரையைப் பாத்துக்கினே, "அப்படியா?"ன்னு கேட்டாரு.

எல்லாரையும் ஷெட்டுல கூப்ட்டு நிக்க வெச்சாங்க. பொம்பளைங்க மட்டும் இல்ல, லோடு ஏத்தற சிட்டிபாபு, வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், எல்லா ஆம்பளைங்களும். அத்தனை பேருக்கு நடுவுல மேனேஜரு அக்காவைப் பாத்துக் கேட்டாரு.

"நீதானே கொழைச்சே. அன்னிக்கு நீ சுத்தமா இருந்தியா?"

நான் இன்னா சொல்றது. நம்ம வூட்டு ஆம்பளை கூட வாய் விட்டுக் கேக்க மாட்டானே இதை. சிட்டிபாபு பாவம், மூஞ்சைத் திருப்பிக்கினான். அவனுக்கு இருந்த வெக்கம் கேட்டவருக்கு இல்ல. எனக்கு ஒரு விஷயம் தெரியும். அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. ஆஸ்பத்திரியில கூட இருந்து கஞ்சி குடுத்தவளே நான்தான். தூரமாவது தீட்டாவது, அந்தப் பேச்சே அக்கா ஒடம்புல கெடையாது. ஒரு வார்த்தை சொன்னா போதும், வந்த பழி வந்த வழியே போயிடும். நான் வாயைத் தொறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்துச்சு. கம்முனு ஆயிட்டேன்.

அக்கா பேசாம நிக்கறதைப் பாத்ததும் மேனேஜருக்குத் தெம்பு வந்துடுச்சு. "வாயால சொல்ல முடியலைன்னா சாமி முன்னாடி கற்பூரம் ஏத்தி, அணைச்சு சத்தியம் பண்ணு. பண்ணிட்டா நாளைலேர்ந்து வேலைக்கு வரலாம். இல்லைன்னா இன்னியோட நின்னுக்கோ"ன்னாரு.

எங்க பக்கத்துல கற்பூரத்தை அணைச்சுப் பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது. குடும்பம் வெளங்காம பூடும்னு பயம். மேனேஜரு வூட்டுலயும் அதே பயம்தான், அதனாலதான் அதைக் கேட்டாரு. அக்காவுக்கு இதுல பயப்பட இன்னா கீது? நெஞ்சுல கை வெச்சு அணைக்கலாம், சத்தியமான சத்தியம். தப்பிச்சுட்டா மகராசின்னு நான் மூச்சு விட்டேன். பேபி தட்டு கொண்டாந்தா. அக்கா கற்பூரத்தை வெச்சுது, பத்த வெச்சுது, தட்டைக் கையில எடுத்துச்சு. எடுத்துக்கினு மேனேஜரு பக்கம் திரும்புச்சு.

"சார், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பவுடரு ஊத்தினதும் மோட்டாரை நிறுத்தினது நீங்க இல்லைன்னு இந்தக் கற்பூரத்தை அணைச்சு சொல்லுங்க. சொல்லிட்டா நான்தான் கெடுத்தேன்னு ஒத்துக்கினு இப்பவே போயிடறேன்."

மேனேஜரு கை பாதி வரைக்கும் வந்துச்சு. நெத்தியில நாமம், காலைல பூஜை பண்ணாம காப்பி கூட குடிக்க மாட்டாரு. வந்த கை அப்டியே நின்னுச்சு, அப்பால கீழ போயிடுச்சு. முதலாளி எல்லாத்தையும் பாத்துக்கினுதான் நின்னாரு. கற்பூரம் எரிஞ்சு எரிஞ்சு தானா அணைஞ்சுது. தட்டுல கருப்பு மட்டும் மிச்சம்.

"சரி சரி, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க"ன்னாரு முதலாளி.

"எல்லாரும் இருக்கச் சொல்லோதான் சார் என்னைக் கேட்டீங்க"ன்னுச்சு அக்கா. "எல்லாரும் இருக்கச் சொல்லோ அவரு வாயால சொல்லட்டும், தப்பு அஞ்சம்மா மேல இல்லைன்னு. அது போதும். நான் போய் பவுடர் கொழைக்கிறேன்."

"விடும்மா. பெரிய மனசு பண்ணு. அவர் என் மச்சினன், நான் என்ன பண்றது?"

பெரிய மனசாம். மானம் போனவ பெரிய மனசு பண்ணணும், மானத்தை எடுத்தவரு சின்ன வாயைக் கூடத் தொறக்க மாட்டாரு. எந்த ஊரு நியாயம் இது? அக்கா தட்டைக் கீழ வெச்சுது, சாப்பாட்டு டப்பாவை எடுத்துச்சு, செருப்பைப் போட்டுக்கினு வெளிய போயிடுச்சு.

அப்பால பல்லாவரத்துல ஒரு டிஸ்டெம்பர் பெயிண்ட் கம்பெனியில சேந்து, கால் வலி வந்து நிக்கற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. இங்க இன்னா ஆச்சு தெரியுமா? அக்கா போன மறுவாரமே, "தீட்டோட வந்து தொட்டா, அதான் அனுப்பிட்டோம்"னு கடைக்காரங்களுக்குச் சொல்லிட்டாங்க. அதுதான் இன்னிக்கு வரைக்கும் இந்தப் பக்கம் சுத்திக்கினு கீது. அந்த மேனேஜரு ரிட்டையர் ஆயி மாலை போட்டு மரியாதையா வூட்டுக்குப் போனாரு.

அக்கா வெளிய போன அன்னிக்கு நான் பின்னாடியே ஓடினேன். ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு, தாம்பரம் போற வண்டி வரணும். மூச்சு வாங்க நின்னுகினு, எனக்கு வந்த கோவத்துல அக்காவையே திட்டினேன்.

"உனக்கு இன்னா பைத்தியமா அக்கா? ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. வேலையும் போவாது, பேரும் போவாது. இல்ல, கேட்டதுக்கு சத்தியமாவது பண்ணித் தொலைச்சிருக்கலாம். உண்மைதானே அது?"

அக்கா வண்டி வர்ற பக்கமே பாத்துக்கினு இருந்துச்சு.

"உண்மைதான். நான் இல்லைன்னு ஆயிடுச்சுன்னா அந்தாளு கம்முனு போயிடுவானா? அடுத்தது யாருன்னு தேடியிருப்பான். அன்னிக்கு டிரம்முக்குப் பக்கத்துல எங்கூட நின்னுகினு இருந்தது நீ. உனக்கு அது ரெண்டாம் நாளு. எனக்குத் தெரியாதா புஷ்பம்?"