அண்டாவில் காய்ச்சிய அலுமினியம்

எம். புதுப்பட்டிச் சுடலை தும்மினால் துண்டில் வெள்ளி மினுங்கும். பட்டாசுக் கம்பெனியில் எத்தனையோ சீசனாக அலுமினியப் பவுடர் கலந்த உடம்பு. அமாவாசையன்று அவன் தெருவில் நடந்தால், நிலா வந்துவிட்டதென்று நாய்கள் ஊளையிடும். நம்பாதவர்கள் நாய்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சுடலைக்குத்தான் வேலை போகப்போகிறது. பவுடர் லோடு வரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா கம்பெனிய அட்டைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுருவேன்" என்றுவிட்டார் முதலாளி ரத்தினசாமி. விபத்தில் வலக்கை விரல்கள் ஒட்டிப்போனவனை வேறு யார் எடுப்பார்கள்? போய்க் கேட்ட இடங்களில் கையைப் பார்த்ததுமே காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவன் மனைவி சண்முகத்தாய் பத்தாவது படித்தவள். பாக்சைட் பாறையை அரைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, சிவப்புக் கசடை வடித்து ஆறவிட்டால் வெள்ளை மாவு படியும்; அதைச் சுட்டு, உருக்கி, கரண்டைப் பாய்ச்சினால் அலுமினியம். ஆற்றாமையில் ஒருநாள் இதைச் சொல்லிவைத்தாள். பவுடரை நாமே காய்ச்சிவிடலாம் என்று சுடலை அதையே பிடித்துக்கொண்டான். ஏற்காட்டுப் பக்கம் லாரி ஓட்டும் மைத்துனன் காளீஸ்வரனிடம் கெஞ்சி ஒரு மூட்டைப் பாறை வரவழைத்தான்.

"கரண்டுக்கு எங்கன போவீக? ஊரு கரண்டு அம்புட்டும் காணாதே."

"மொத மாவு வரட்டும், தாயி."

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், கல்யாணச் சீராக வந்த அலுமினிய அண்டாவைக் கொல்லையில் அடுப்பேற்றினான். அரைத்த பாறைமேல் தண்ணீரும் காஸ்டிக்கும் கொட்டியதும் அண்டா சீறியது. நுரை பொங்கியது. தீப்பட்டு மேலே டப் டப்பென்று வெடித்தது. பட்டாசுக்காரன் காதுக்கு அது நல்ல சகுனமாகக் கேட்டது. வாளியில் வடித்து ஆறவைத்தான். மறுநாள் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"வந்துருச்சு, தாயி." வாளியை அவள் முன் வைத்தான்.

அவள் வாளியைப் பார்க்கவில்லை. அண்டாவைத் தூக்கிப் பிடித்தாள். அடிப்பக்கம் வழியாக வானம் தெரிந்தது.

"பாறை அப்படியே கெடக்கு. காஸ்டிக்கு தின்னது அண்டாவ. நாளெல்லாம் அலுமினியத்துலயே பொரண்டீகளே, இது தெரியாதா?"

"நீ சொல்லலையே."

"எதுல காய்ச்சன்னு நீங்க கேட்டீகளா?"

சுடலை அரத்தை எடுத்து, மிச்சமிருந்த அண்டா விளிம்பை ராவத் தொடங்கினான். ஒட்டிப்போன விரல்களில் ரத்தம் கசிந்தது. அவள் தடுத்துப் பார்த்தாள். பிறகு அண்டா ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலில் காகிதப் பொட்டலத்தை நீட்டினான். ரத்தினசாமி பிரித்துப் பார்த்தார்.

"ஏலே, இது ஒரு கம்பி மத்தாப்புக்குக் காணுமா?"

"ஒண்ணுக்குக் காணும், மொதலாளி. அத மட்டும் செஞ்சுட்டுப் போயிருதேன். கதவத் தெறங்க."

அவர் பொட்டலத்தை மடித்து அவன் சட்டைப்பையிலேயே வைத்தார். அட்டை லோடு ஏற்றிய லாரி பின்னால் ஹாரன் அடித்தது. சுடலை வாசலை விட்டு நகரவில்லை.