விதிப்புத்தகத்தில் இல்லாத குலவை

காலையில் எழுந்ததும் கொடியிலிருந்து பதினாறு காலுறைகளை எடுப்பதுதான் என் முதல் வேலை. நான்கு நாய்கள், பதினாறு கால்கள். விரலிடுக்கில் பனி கட்டிப்பட்டு அறுத்துவிடும் என்பதால் ஓடும்போது உறை மாட்டுகிறேன். முதன்முதலில் வீடியோ அழைப்பில் அந்தக் கொடியைப் பார்த்த அம்மா, சேரன்மகாதேவியில் இருந்தபடி வாயைப் பிளந்தாள்.

“ஏட்டி, யாரு வீட்டுப் பிள்ளைகளுக்குத் துவைச்சுப் போடுத?”

“நாய்க்கும்மா.”

“நாய்க்கா? ஊர்ல எல்லாரும் ஒன்னையக் கேக்காவ. நாய் வண்டி ஓட்டுதான்னா சொல்லச் சொல்லுத?”

அப்படியே சொல்லட்டும். கனடாவின் வடகோடியில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்தவள் ஊர் மாறிப் போனபோது நாய்களையும் சறுக்குவண்டியையும் என்னிடம் விட்டுப் போனாள். ஊரில் இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒருமுறை அந்த வண்டியின் பின்னால் நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

நான் ஓடுவது குறுந்தூரப் பந்தயம். ஒவ்வொரு வண்டியாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். யார் எடுத்துக்கொண்ட நேரம் குறைவோ அவருக்கே வெற்றி. வண்டி ஒற்றைக் கையால் தூக்கும் எடைதான். அதில் பிரேக் வேண்டும், பனியில் குத்தி நிறுத்தக் கொக்கி வேண்டும், ஒரு நாய் படுக்கிற அளவுக்குப் பை வேண்டும். சாட்டை கூடாது. வாய்ப்பூட்டு கூடாது. ஒலி எழுப்பும் கருவி கூடாது. புறப்பட்ட நாய் அத்தனையும் எல்லைக்கோட்டுக்கு வந்தாக வேண்டும். எதற்காவது முடியாமல் போனால் பையில் படுக்கவைத்து நாம் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசி விதிக்காகவே நான் இந்தப் பந்தயத்தை மதிக்கிறேன். மயங்கி விழுந்தவளை வரப்பில் உட்காரவைத்துவிட்டு நடவைத் தொடர்ந்த வயல்களில் வளர்ந்தவள் நான்.

ஓடு என்பதற்கு இங்கே ‘ஹைக்’ என்பார்கள். நான் சொன்னால் நாய்கள் திரும்பி என் முகத்தைப் பார்க்கும். ஒருநாள் மேட்டில் வண்டி நின்றுபோனது. கெஞ்சினேன், திட்டினேன், அசையவில்லை. என்னையறியாமல் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன். நான்கும் பிய்த்துக்கொண்டு ஓடின, நான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு போனேன்.

ஊரில் நடவு முடிந்து கடைசி நாற்றை ஊன்றியதும் அம்மாதான் முதல் குலவையை எடுப்பாள். அதுவரை குனிந்து கிடந்த பெண்களெல்லாம் நிமிர்வார்கள். கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு அது வெட்கமாகிவிட்டது. கோயிலில்கூட வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன மாதப் பந்தயத்தில் கென் என்பவருடைய வண்டியை எட்டிப் பிடித்தேன். முந்துகிறவர் ‘ட்ரெயில்’ என்று கத்த வேண்டும், முன்னால் இருப்பவர் ஒதுங்க வேண்டும். கத்தினேன், ஒதுங்கினார். உடனே மேடு. குலவை போட்டேன். என் நாய்கள் பறந்தன, அவருடைய நாய்கள் மிரண்டு கயிற்றில் சிக்கிக்கொண்டன. மூன்றாவதாக வந்தேன். நான் விசில் ஊதியதாகக் கென் புகார் கொடுத்தார்.

எங்கள் பந்தயச் சங்கத்தில் என்னைப் போன்ற புதியவர்கள் முதல் பருவத்தில் ஒருமுறை தகுதி இழந்தால், அடுத்த பருவம் கிடையாது. நடுவர் ரூத் என் பையை எல்லோர் முன்னாலும் பனியில் கவிழ்த்தார். டப்பாவிலிருந்த புளிச்சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்தார்.

“கருவி எங்கே?”

“இதுதான்” என்று வாயைத் திறந்து நாக்கை ஆட்டிக் காட்டினேன்.

ரூத்தின் முகம் சிவந்துவிட்டது. கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். இனி விளக்கிப் பயனில்லை. நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அம்மா போடுவது போல, முழுசாகப் போட்டேன். மைதானமே திரும்பியது. நாய்களை ஏற்றிவந்த லாரியில் கட்டிப்போட்டிருந்த என் நான்கும் எழுந்து இழுத்த இழுப்பில் அது குலுங்கியது.

ரூத் விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தார். “கருவி என்றுதான் இருக்கிறது” என்றார்.

“என் நாய்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமில்லை” என்றார் கென்.

“பழக்குங்கள். உங்கள் பனிக்கு நான் பழகவில்லையா?”

மூன்றாமிடம் என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்ட ரூத், அடுத்தவரைக் கடக்கும்போது மட்டும் இது வேண்டாமே என்று தணிவாகக் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்து விதியாக எழுதுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இதுவரை யாரும் எழுதவில்லை.

சென்ற ஞாயிறு விடியற்காலை அம்மா அழைத்தாள். அங்கே சாயங்காலம், அம்மன் கோயில் கொடை விழா. பானை பொங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். ஹீட்டர் பக்கம் படுத்திருந்த நான்கு நாய்களும் துள்ளியெழுந்து வாசற்கதவில் போய் முட்டின.

“ஏட்டி, சும்மா பாத்துக்கிட்டு நிக்க? நீயும் போடுட்டி!”

போட்டேன். அங்கே பெண்கள் யாரது என்று திரும்பினார்கள். இங்கே நாய்கள் ஓட வேண்டுமென்று கதவைப் பிறாண்டின. அம்மா திருநீறு எடுத்து விரலைத் திரைக்கு நேரே நீட்டினாள். நெற்றியை அவளுக்குக் காட்டிக்கொண்டே, கையால் தடவித் தடவி முதல் நாயின் காலில் உறையை மாட்டினேன்.