வெட்டாமல் விட்ட கம்பி

என் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன லேத்தைப் பார்க்க வருகிறவர்கள் லேத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு இடதுபக்கம் சுவரில் அடித்து வைத்திருக்கும் வெள்ளை பிவிசி குழாயைத்தான் பார்க்கிறார்கள். "என்ன அண்ணே, தண்ணி பைப்பா?" என்பார்கள். ஆமாம் என்பேன். அந்தரத்தில் தொடங்கி அந்தரத்தில் முடிகிற குழாயில் எப்படித் தண்ணீர் வரும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மலேசியாவில், ஜோகூரின் இந்தப் பெர்மாஸ் ஜெயாவில் அக்கம்பக்கத்தார் அவ்வளவு துருவ மாட்டார்கள். அந்த மட்டில் நான் தப்பித்தேன்.

தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிய லேத் அது. சிங்கப்பூர் வேலையை விட்டு வந்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால் வாங்கினேன். இரும்புக் கம்பியை ஒரு முனையில் சக் என்கிற பிடி கவ்விக்கொண்டு சுழற்றும், கத்தி அதைச் சீவிக்கொண்டே போகும். கம்பி நீளமாக இருந்தால் மிச்சம் சக்குக்குப் பின்னால் உள்ள துளை வழியாக இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் ஆகாது. வேகம் கூட்டினால் அந்த மிச்சம் வளையும், வளைந்த மறுநொடி சாட்டையாக வீசி எதிரில் இருப்பதை அடிக்கும். அதனால் கம்பியை அளவாக வெட்டித்தான் மாட்ட வேண்டும். லேத்தில் கை வைக்கிற எவனுக்கும் முதல் வாரமே இதைச் சொல்லித் தருவார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

பதினோரு வருடங்களுக்கு முன் நானும் என் நண்பனும் சிங்கப்பூரில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். அவனும் ஜோகூர்தான், பெக்கான் நானாஸ்காரன். வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் கை வேலையில் என்னைவிடச் சுத்தம். அன்று நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள். அப்படிப்பட்ட நாளில் சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்குப் பாலத்தைத் தாண்டுவது என்ன பாடு என்று ஜோகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் பிந்தினால் மூன்று மணி நேரம் மோட்டார் சைக்கிள் புகையில் நிற்க வேண்டும்.

காலையிலிருந்து மெல்லிய தண்டுகளைக் கடைந்துகொண்டிருந்தேன். ரம்பத்துக்குப் போய் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, முழுக் கம்பியையும் வெட்டாமலே மாட்டியிருந்தேன். மெதுவாக ஓட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பாதிக் கம்பி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டுக்கும் மினுமினுப்பு வர வேண்டும் என்று வேகத்தைக் கூட்டி வைத்தபோதுதான் மணியைப் பார்த்தேன்.

"மச்சான், ரெண்டு பீஸ்தான் பாக்கி. செட்டிங் எல்லாம் பண்ணிட்டேன், பட்டன மட்டும் அழுத்து லா. இப்பக் கிளம்பலன்னா ஜாம்ல செத்தேன்" என்றேன்.

"போடா போ. எப்பப் பாரு உனக்கு இதே பொழப்பு" என்றான்.

பாலத்தின் நடுவில் இருந்தபோது போன் வந்தது. அங்கே வண்டியைத் திருப்ப முடியாது. ஜோகூர் பக்கம் போய்ப் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டு அதே பாலத்தில் ஏறினேன். வந்தபோது பக்கத்தில் ஆளே இல்லாமல் கிடந்த எதிர்ப்பாதை அது. அழுதேனா, வேர்த்ததா என்று தெரியவில்லை. அவன் பட்டனை அழுத்தியிருக்கிறான். இடதுபக்கம் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறான். கம்பி வலது கையை நொறுக்கி, தலையிலும் அடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தான். கட்டிலருகே நானும், பிளாஸ்க்கைப் பிடித்தபடி அவன் மனைவியும் நின்றோம். "மச்சான், என்னடா ஆச்சு? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று என்னைத்தான் கேட்டான்.

என் வேலை பெர்மிட் போய்விடும் என்று பயந்தேன். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, இதைச் செய்தவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீதான் நீட்டுக் கம்பியப் போட்டுட்டு ஸ்பீடக் கூட்டிட்ட, மச்சான்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியா செஞ்சேன்?" என்றான். பிறகு, "செஞ்சிருப்பேன்" என்றான். பட்டறையிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிவிட்டான்.

செத்தவர்கள் பேயாக வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் பெக்கான் நானாஸில் உயிரோடு இருந்துகொண்டு, மனைவியோடு ரோட்டோரம் அன்னாசிக் கடை நடத்திக்கொண்டு, தீபாவளிக்குத் தவறாமல் எனக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே என்னிடம் வந்தான். லேத்தின் இடதுபக்கம், கம்பி நீட்டும் இடத்தில், இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்து உருவத்தோடு நிற்பான். அந்த வாயாடி ஒரு வார்த்தை பேச மாட்டான். இடதுபக்கம் திரும்பிப் பார்க்காமல் நான் ஒருநாளும் பட்டனை அழுத்தியதில்லை. வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் தடதடத்தால்கூட எழுந்து ஓடுவேன். "அலமாக், துணிதாங்க சுத்துது" என்பாள் என் மனைவி. அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

அதனால் லேத்தில் குட்டையான சாமான்களாகவே செய்தேன். கைப்பிடிக் குமிழ், புஷ் வளையம், வாசல் கேட்டுக்கு ஆணி. வெட்டிப் போட்ட கம்பியில் மிச்சம் விரலளவுகூட நீட்டாது. அப்படியும் மனசு ஆறாமல், நீட்டினாலும் உள்ளேயே அடங்கட்டும் என்று அந்தக் குழாயை அடித்தேன்.

போன மாதம் அவன் வந்தான். நிஜமானவன். இரண்டு பஸ் மாறி, பையில் மீன்பிடி ரீலோடும் ஒரு அன்னாசியோடும் வந்து நின்றான். வலது கை தூக்க வராது. தூண்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் ரீலைச் சுற்றுவானாம். அதன் நடுத்தண்டு வளைந்துவிட்டது. பழைய ரீல், கடையில் சாமான் கிடைக்கவில்லை.

"நீ லேத் வச்சிருக்கியாமே, ஒரு வார்த்த சொல்லக் கூடாது? எனக்கு ஒண்ணு கடைஞ்சு குடு. மீன் பிடிக்கிறது ஒண்ணுதான்டா இந்தக் கைக்கு மிச்சம்" என்றான்.

நாலு மில்லிமீட்டர் தடிமன், அரைச் சாணுக்குச் சற்று மேல் நீளம். இவ்வளவு மெல்லிய தண்டு கத்திக்குப் பணிந்து விலகிக்கொள்ளும். இரண்டு முனையும் சரியாக வந்து நடு மட்டும் தடித்து நிற்கும். சூடு ஏறினால் நீளும். எதிர்முனையில் முட்டுக் கொடுக்கிற ஊசியைச் சற்றுத் தளர்த்தாவிட்டால் இடமில்லாமல் வளைந்துபோகும். முதல் தண்டை அப்படித்தான் கெடுத்தேன். இரண்டாவதை மாட்டிவிட்டு, பழக்கப்படி இடதுபக்கம் திரும்பினேன். நிஜமானவன் அங்கேதான் நின்றான், அந்த உருவம் நிற்கும் அதே இடத்தில். பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கம் வா."

அவன் நகரவில்லை. பிவிசி குழாயைத் தட்டிப் பார்த்தான். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியை அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவனும் லேத்காரன். சிரித்தான். "நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு நீ வீட்ல காவல் போட்டிருக்கியாடா? நல்லது. எம்பசங்களுக்கும் இதத்தான் சொல்லுவேன். அவசரப்படாதீங்க, உங்கப்பன் கையப் பாருங்கன்னு."

"அது நீ போட்ட கம்பி இல்ல" என்றேன்.

மற்றதையும் சொன்னேன். ரம்பத்துக்குப் போகாத சோம்பல், கூட்டி வைத்த வேகம், ஜாம், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

"பட்டன அழுத்து" என்றான். "தண்ட முடி."

அவன் இடதுபக்கமே நின்றான். நான் கடைந்தேன். சூடு ஏறும்போதெல்லாம் நிறுத்தி, ஊசியைத் தளர்த்தி, மறுபடி தொட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அளந்து பார்த்தபோது நடுவும் முனையும் ஒரே அளவாக இருந்தன. ரீலில் பொருத்தி இடது கையால் சுற்றினான், வழுக்கிக்கொண்டு ஓடியது. நன்றி சொல்லவில்லை.

"காரை எடு. எங்க கடைக்குப் போலாம். எம்பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு" என்றான். "பதினோரு வருஷமா அவகிட்ட அவசரக்காரன்னு பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன்."

பெக்கான் நானாஸ் போய்ச் சேரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. என்னோடு வந்த பயணங்களில் அவன் பேசாமல் வந்தது அது ஒன்றுதான். கடையில் அவன் மனைவி அன்னாசியின் கண்களைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, எவ்ளோ நாளாச்சு!" என்று கத்தியை வைக்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தி பாதிப் பழத்தில் நின்றுவிட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனிடம் திரும்பி, "அப்ப அன்னைக்கு நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

அவன் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இவன் சொன்னான்" என்றான். "நான் நம்பிட்டேன்."