கைமேல் உட்கார்ந்தவர்

அந்தச் சிறு விமானத்தில் நானும் பயிற்சியாளர் மேடமும் மட்டும் இருந்தோம். என்னைப் படிக்கவைத்த அப்பா பட்டினப்பாக்கம் கடலில் படகோடு இருந்தார்.

மேடத்துக்கு முப்பது வயதிருக்கும். மந்தைவெளிக்காரர். ஒட்ட வெட்டிய முடி, பெரிய கறுப்புக் கண்ணாடி. நான் ஓட்டும்போது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் கை வெளியே வந்து விமானத்தின் பிடியைத் தொட்டுவிட்டால் எனக்குத் தனியாகப் பறக்க அனுமதி கிடைக்காது.

அன்று பயிற்சிக்காக வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினேன். எச்சரிக்கை ஒலி அலறியது. இறக்கைகளுக்குக் காற்றின் பிடிப்பு போய், விமானம் இடப்பக்கம் சரிந்து விழுந்தது. மீன்பிடிக்கப் போகும்போது படகின் மூக்கு அலைக்குள் இறங்கினால் நானும் அப்பாவும் பின்னால் சாய்வோம். அதே பழக்கத்தில் சாய்ந்து பிடியை இழுத்தேன். இன்னும் வேகமாக விழுந்தோம். முன்கண்ணாடி முழுக்கக் கடல்.

"மேடம், நீங்க புடிங்க!"

"மாட்டேன். இது உங்கப்பா படகு இல்லடா! மூக்கைக் கீழே தள்ளு!"

விழும்போது கீழே தள்ளுவதா? கை மறுத்தது. ஆனாலும் தள்ளினேன். வலது கால்மிதியை அழுத்தி, இன்ஜினை முழு வேகத்துக்குக் கொண்டுபோனேன். அலறல் நின்றது. மெல்ல இழுத்ததும் அடிவானம் முன்கண்ணாடிக்குள் இறங்கி வந்தது.

தரையிறங்கியதும் கேட்டேன்: "கொஞ்சம் கை குடுத்திருக்கலாம்ல மேடம்?"

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இருக்கையின் தையல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"எனக்கும் பயம்தான்டா. அதான் நன்னா அழுத்தி உட்கார்ந்துண்டேன்."

இன்னும் எவ்வளவு விழுந்திருந்தால் அந்தக் கைகள் வெளியே வந்திருக்கும்? இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எங்களுக்குச் செலவானது எழுநூறு அடி உயரம்.