எர்த்து அண்ணனும் எரியாத விளக்கும்

"மிதி... விடு... மிதி."

ட்ரெய்லரை ஜீப்போடு இணைக்கும் கம்பியில் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டேதான் சோதிப்பார் எர்த்து அண்ணன். எட்டிப் பார்க்கச் சோம்பல். பட்டறை வாசலில் ஒரு பழைய பீரோக் கண்ணாடியைச் சாத்தி வைத்திருக்கிறார். பின்விளக்குகள் அதிலேயே தெரிந்துவிடும்.

வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பது தொழில். என்ன கோளாறோடு யார் வந்தாலும் முதல் வார்த்தை, "எர்த்தைப் பாரு." அதுவே பெயராகிவிட்டது. ஒயரைப் பல்லால்தான் உரிப்பார். ஆணியில் மூன்று கட்டர்கள் தொங்குகின்றன, அழகுக்கு.

ஜீப்பில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. வாடகை நாற்காலிகளைக் கொண்டுபோய் இறக்குகிறவர். நாற்காலிகளை அடுக்கிவிட்டால் ஜீப்பின் சொந்த விளக்குகள் மறைந்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு ட்ரெய்லர் விளக்குதான் கண். போன வாரம் ஓர் இறக்கத்தில் லாரி ஒன்று பின்பலகையை உரசிக்கொண்டு நின்றது. "லைட்டு எரியவே இல்லம்மா" என்றாராம் டிரைவர், வெலவெலத்துப்போய்.

அண்ணன் சோதித்தார். எரிந்தது. மறுநாளும் வழியில் எரியவில்லை என்றார்கள் பின்னால் வந்தவர்கள். மறுபடி சோதித்தார். ஜம்மென்று எரிந்தது. பல்பை மாற்றினார், பியூஸை மாற்றினார். எர்த்தைப் பார்க்காமல் விடுவாரா? கம்பியில் உட்கார்ந்தபடியே டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தார். அதிலும் ஒரு குறையும் இல்லை. மனுஷனுக்குத் தலை சுற்றியது. ராத்திரி சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு, "எரியுதே... எரியுதே..." என்று முனகினார்.

இன்று காலை நாற்காலிகள் ஏற்றியாகிவிட்டது. இன்னும் அரை மணியில் மனைவி அதே இறக்கத்தில் போயாக வேண்டும். விளக்கோ கண்ணாடியில் பளபளத்தது. குழப்பத்தில் வாய் தவறிவிட்டது.

"நீ பிரேக்கைச் சரியா மிதிக்கலையோ என்னவோ."

"ஆமா, லாரிக்காரனும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்தான்!"

அண்ணன் வெடுக்கென்று திரும்பினார். மடியிலிருந்த டேப் உருண்டு ஓடியது. எடுக்க எழுந்தார். கண்ணாடியில் சிவப்பு அணைந்தது.

"காலை ஏன் எடுத்தே?"

"எங்கீங்க எடுத்தேன்? மிதிச்சுக்கிட்டேதானே இருக்கேன்!"

உட்கார்ந்தார், எரிந்தது. எழுந்தார், அணைந்தது. அடப்பாவி! உறைக்குள், மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் ஒயர் அறுந்து கிடக்கிறது. அவர் உட்கார்ந்த கனத்தில் இணைப்புக் கொக்கி அமுங்கி, இரும்பும் இரும்பும் ஒட்டி, மின்சாரத்துக்கு வழி கிடைத்திருக்கிறது. சாலையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இத்தனை நாளும் அவளை வெறும் கண்ணாடியை நம்பி அனுப்பியிருக்கிறார்.

புது ஒயர் இழுத்து முடித்தார்.

"என்னங்க, எரியுதா?"

அண்ணன் கண்ணாடியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். தெருவில் இறங்கி, லாரி வரும் தூரத்துக்கு நடந்து போய், ட்ரெய்லருக்கு நேர் பின்னால் நின்றார்.

"இப்ப மிதிம்மா."