சின்னத் தோட்டா, பெரிய தோட்டா

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பிழைப்பு எடையில்தான். மாமனார் துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவர். நான் எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடை மேடை பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும், கம்ப்யூட்டரில் எடை வரும், சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் இரண்டு பேரையும்விட எடைத் தொல்லை அவருக்குத்தான் அதிகம் என்பது, அவர் கடைசியாக லீவில் வந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

துப்பாக்கிப் பேச்சு வீட்டில் பேச அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு மாமனார்தான் வம்புக்கு இழுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமனார் போனில் ஏதோ தோட்டா வீடியோ பார்த்துவிட்டு, "இன்னாடா இது, சுண்டு வெரலு சைஸ்ல கீது. இத்த வச்சிகினு யாரடா சுடுவ, கொசுவையா?" என்றார்.

"நைனா, நீ ஒரு வாட்டி மலை ஏறிப் பாரு. அப்பால பேசு."

"நூறு கிலோ மூட்டைய முதுகுல ஏத்திகினு பலகை மேல நடந்தவன்டா நானு. எம்புள்ள ரெண்டு கிலோ கூட தூக்கமாட்டானா?"

"நீ கப்பல்லேர்ந்து லாரி வரைக்கும் நடந்த. நான் நாள் பூரா நடக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உன் லாரி கணக்குதான். இவ்ளோதான் ஏத்தலாம்னு கீது இல்ல? அதுக்கு மேல ஏத்துனா ஆக்ஸில் பூடும். எங்களுக்கு முட்டி பூடும். குண்டு தொளைக்காத சட்டையே கனம். மத்த சாமான் எல்லாம் போக மிச்சம் எவ்ளோ கீதோ, அதுலதான் குண்டு. பெருசுன்னா கொஞ்சமா எடுத்துக்கலாம். சின்னதுன்னா அதே எடைக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும்."

"அப்போ பெருசு எதுக்கு?"

"பெருசு பட்டா ஆளு அங்கியே வுழுவான். சின்னது சில நேரம் உள்ள பூந்து அந்தாண்ட பூடும். பட்டவன் வுழாம வந்துகினே இருப்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "சின்னதுக்கு இன்னொரு கணக்கும் சொல்லுவாங்க. செத்தவன வுட்டுட்டு சண்ட போடலாம். அடிபட்டவன வுட முடியுமா? தூக்கறதுக்கு ரெண்டு பேரு வோணும். ஒரு குண்டுல மூணு பேரு போச்சு."

"இத யோசிச்சவன் ரொம்ப நல்ல மனுசன் போல," என்றேன். அவர் சிரித்துவிட்டு ரசம் கேட்டார்.

கடைசிவரை அவர் சின்னதன் பக்கம்தான். ஒருத்தன் விழுந்தாலும் அடுத்தவன் வருவான், அவனுக்கும் கையில் தோட்டா இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மாமனார் பெரியதன் பக்கம். "வேலைக்கு சோம்பல்படறவன் பேச்சு இது," என்று முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார். அப்பாவும் பிள்ளையும் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மாமனார் காசிமேட்டுக்குப் போய் நல்ல வஞ்சிர மீனாகப் பார்த்து வாங்கி வந்தார். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்ச் சில மாதங்களில் செய்தி வந்தது. போன் மாமனாருக்குத்தான் வந்தது. அவர் வீட்டிலிருந்து நடந்தே யார்டுக்கு வந்து என் ஜன்னலுக்கு வெளியே நின்றார். செருப்புகூடப் போட்டிருக்கவில்லை. "கெளம்பு, வூட்டுக்குப் போலாம்," என்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேடைமேல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதற்குச் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் என்னைக் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். கல்லாக இருந்தாலாவது கனத்திருக்கும். எனக்கு ஒன்றுமே கனக்கவில்லை.

சவப்பெட்டியை முகம் தெரிகிற அளவுக்குத்தான் திறந்தார்கள். தெருவில் கூட்டம் தாங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சிப்பாய்கள் மரியாதைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. அழு, அழுதுவிடு என்று பெண்கள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்வது?

துக்கம் கேட்க வந்த ஆண்கள் எல்லோரும் இரண்டே நாளில் தோட்டா நிபுணர் ஆகிவிட்டார்கள். பெட்டியோடு வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். உங்கள் பிள்ளைதான் முதலில் சுட்டார், பட்டது, ஆனால் எதிரில் வந்தவன் விழவில்லை என்று. அவ்வளவு போதும் இவர்களுக்கு. சின்னத் தோட்டா என்பதால்தான் அவன் விழவில்லை, பெரியது இருந்திருந்தால் நம் பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பான். பந்தலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே இதையே பேசினார்கள். ஐப்ரோ பென்சிலுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாத என் மச்சினர் ஒருவர், விரலை நீட்டி நீட்டித் தோட்டாவின் அளவு காட்டினார். நான் டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டேன்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். மாமனார் மட்டும் அதிலேயே நின்றுவிட்டார். காலையில் மின்விசிறிக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு உட்காருவார். எல்லாம் இங்கிலீஷ் வீடியோ, ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது. ஜெல்லி மாதிரி ஒரு கட்டியை மேசைமேல் வைத்துச் சுடுகிறார்கள். சின்னது எவ்வளவு கிழித்தது, பெரியது எவ்வளவு கிழித்தது என்று ஸ்கேல் வைத்துக் காட்டுகிறார்கள். "இத்த பாரேன். பெருசு எப்டி கிழிக்குது பாரு," என்று வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் நீட்டுவார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டே பார்ப்பேன்.

ஒரு நாள் அப்படிப் பார்க்கும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. இவர் சுட்டது சின்னது, சரி. இவர்மேல் பட்டது எது? அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி, பெரியது பட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பார், ஒன்றும் தெரிந்திருக்காது. சின்னது என்றால் நேரம் இருந்திருக்கும். எவ்வளவு நேரம்? அந்த நேரத்தில் என்ன செய்தார்? அவர் கையில் பெரிய தோட்டா இருந்திருக்கக் கூடாதா என்று வீடே புலம்பிக்கொண்டிருந்தது. எனக்கோ, அவர் உடம்பில் பட்டது பெரிய தோட்டாவாக இருந்திருக்க வேண்டும் என்று இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பைத்தியம் என்பார்கள். வேறு எதுவும் வேண்டாம், இது ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தேன். யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வருட நினைவுப் பூசைக்கு அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் வந்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், அன்றைக்கு அவர்கூடவே இருந்தவர். மாதா கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பிரியாணி இலையில் விழுவதற்கு முன்பே மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, உண்மைய சொல்லு. எம்புள்ள கையில பெருசு இருந்திருந்தா எதிர்ல வந்தவன் வுழுந்திருப்பானா இல்லியா?"

கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார். "விழுந்திருப்பான்பா," என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார். சொன்னேன் பார்த்தாயா என்கிற பார்வை.

"ஆனா சண்டை அத்தோட முடியலப்பா. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஆச்சு. வேற ஆளுங்க இருந்தாங்க. பெருசு எடுத்துனு போயிருந்தா பாதியிலயே தீர்ந்து போயிருக்கும். அண்ணன்கிட்ட மிச்சம் இருந்த தோட்டாவையும் கழட்டி நாங்கதான் போட்டோம். அதனாலதான் நாங்க மிச்சபேர் இறங்கி வந்தோம்." மாமனாரை நிமிர்ந்து பார்த்து, "பட்ட பிறகும் அண்ணன் விழலப்பா. நின்னாரு. நின்னு மறுபடி சுட்டாரு. அப்பதான் அவன் விழுந்தான்," என்றார்.

"நின்னானா?" என்று கேட்டார் மாமனார். "எம்புள்ள நின்னானா?"

"நின்னாருப்பா."

மாமனார் இலையைப் பார்த்தபடி அழுதார். ஒரு வருடமாக அவர் முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது, பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றோடு வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டார். எனக்கும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. நின்றார் என்ற வார்த்தையில் எனக்கு வேண்டிய பதில் பாதி வந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்தேன், கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

சாயங்காலம் அவரை வழியனுப்ப திருவொற்றியூர் ஸ்டேஷன் வரை நான்தான் போனேன். மாமனாருக்குக் கால் வலி. சென்ட்ரல் போகிற வண்டி தாமதம் என்றார்கள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"அவருக்குப் பட்டது சின்னதா, பெருசா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "பெருசுதான் அண்ணி," என்றார் சட்டென்று.

"பெருசு பட்டா நிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவரே சொல்லிக்கீறாரு."

எதிர்ப் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது.

"சின்னதுதான் அண்ணி. அந்த கனமான சட்டைக்குக் கீழ, வயித்துல. எல்லாம் முடிஞ்சப்புறம் நானும் இன்னொருத்தனும் தூக்கினு இறங்கினோம். மலைப் பாதை. வழி நெடுக உயிர் இருந்துச்சு."

"பேசினாரா?"

"பேசல. தண்ணி கேட்டாரு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"வயித்துல பட்டா தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க அண்ணி. குடுத்தா ஆபரேஷன் பண்ண முடியாம போயிடும்பாங்க. கீழ கொண்டு போயிட்டா பொழைச்சிக்குவாருன்னு நெனச்சோம். கேட்டுனே வந்தாரு. எங்கிட்ட பாட்டில் இருந்துச்சு. குடுக்கல." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது வழிந்துகொண்டே இருந்தது. "குடுத்திருக்கலாமா அண்ணி?"

இதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று புரிந்தது. பூசை ஒரு சாக்கு. தோளிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கிவைக்க என்னைத் தவிர அவருக்கு வேறு ஆள் கிடையாது.

"நீங்க பண்ணதுதான் சரி. குடுத்திருக்கக் கூடாது," என்றேன்.

"நெஜமாவா அண்ணி?"

"நெஜமாத்தான்."

வண்டி வந்தது. ஏறி வாசலில் நின்று கை கூப்பினார். நானும் தலையாட்டினேன். வண்டி நகர்ந்தது. ஒரு வருடம் கழித்து எனக்கு ஏதோ ஒன்று வந்திருந்தது. அழுகை இல்லை, கோபம். தோட்டா செய்தவன்மேல் வரவில்லை, சுட்டவன்மேலும் வரவில்லை. என் வீட்டுக்காரரைத் தோளில் சுமந்து மலை இறக்கிய அந்த நல்ல மனிதர்மேல் வந்தது. செத்துத்தானே போனார், ஒரு வாய் கொடுத்திருந்தால் என்ன? அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். பிறகொரு நாள் யார்டு டாக்டரிடமும் கேட்டுப் பார்த்தேன், அவரும் சரி என்றுதான் சொன்னார். தெரிந்து என்ன ஆகிவிட்டது?

மாமனாரிடம் இதை நான் சொல்லவில்லை. அவருக்கு நின்ற பிள்ளை போதும்.

ஒவ்வொரு வருடமும் அந்தக் கூட்டாளி பூசைக்கு வருகிறார். முதல் வருடம் தனியாக வந்தார், இப்போது மனைவியோடு வருகிறார். நான் இலை போட்டு, கறி நிறைய வைத்து, இன்னும் கொஞ்சம் என்று உபசரிக்கிறேன். தண்ணீர் மட்டும் வைப்பதில்லை. அவரும் கேட்பதில்லை.