கொஞ்சம் பின்னாடி போங்க

கல்யாண போட்டோகிராபருக்குக் கேமராவைவிட வாய்தான் முக்கியம். அந்த வாயோடு மலையேறினால் என்ன ஆகும் என்பதை இன்னும் நடுங்கிக்கொண்டேதான் சொல்கிறேன்.

தாம்பரத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் அந்த மாதச் சனிக்கிழமைகளில் பெருங்களத்தூரில் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போவேன். மூடுபனி, பறவை, பூச்சி என்று எடுக்கக் கற்றுக்கொடுப்பேன், வந்தவர்களையும் எடுப்பேன். கூடவே என் நாய். டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிப் போட்ட பாவத்துக்கு என்னோடு வந்து ஒட்டிக்கொண்டவன். பேரும் பொறைதான். உயரம் என்றால் எனக்கு மொட்டைமாடியே ஆகாது. அந்த வியாதி உள்ளவர்களே, இது உங்களுக்குத்தான்.

புதருக்குள் யார்?

முதல் நடையிலேயே பனிக்குள் ஒரு புதர் அசைந்தது. கரடி உண்டு என்று மலை டீக்கடையில் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொறை குரைக்கவில்லை. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் போனான். நான் வேன் டிரைவர் ஏழுமலைக்குப் பின்னால் போனேன்.

புதரிலிருந்து ஒரு பசுமாடு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஏழுமலை மெதுவாகத் திரும்பினார். “சார், நாயி உன் பின்னால ஒளிஞ்சினு கீது, நீ என் பின்னால ஒளிஞ்சினு கீற, நான் யார் பின்னால போய் ஒளியறது?”

பாறை மேல் ஸ்டெல்லா மிஸ்

வேனில் வந்த ஸ்டெல்லா மிஸ் செம்பாக்கத்தில் கணக்கு டீச்சர். பாறை மேல் நின்று சிரித்தார். காட்சி அருமை, ஆனால் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. கண் கேமராவில், வாய் வழக்கம்போலக் கல்யாண மண்டபத்தில். “கொஞ்சம் பின்னாடி போங்க” என்றேன். போனார். “இன்னும் கொஞ்சம்.” போனார்.

பொறை பாய்ந்து ஓடி அவர் குதிகாலுக்குப் பின்னால் குறுக்கே படுத்துக் கத்தினான். மாட்டுக்குப் பயந்த அதே நாய்தான். மிஸ் தடுமாறி அப்படியே உட்கார்ந்தார். நாய்க்கு அந்தப் பக்கம் பாறை இல்லை, வெறும் பனிதான். நான் கேமராவை மூடி வைத்தேன். மிஸ் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, போட்டோகிராபர் சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டோம். நீங்கதான் பாக்கணும்.”

நான் பார்த்த லட்சணம்

அதன்பிறகு யாரையும் பின்னால் போகச் சொல்வதில்லை என்று சபதம். மாசக் கடைசியில் குரூப் போட்டோ. மிஸ்ஸும் வந்திருந்தார். ஓரத்தில் இருவர் படத்துக்குள் வரவில்லை. சரி, நானே பின்னால் போவோம் என்று போனேன்!

பொறை பேண்ட்டைப் பிடித்து இழுத்தான். “சும்மா இருடா” என்று உதறினேன். சுற்றி ஓடி என் பின்னால் வந்தான். என் குதிகால் அவன் மேல் இடித்தது. நான் பதறி முன்பக்கம் பாய்ந்து விழுந்தேன், அவன் பள்ளத்துப் பக்கம் விழுந்தான். ஒரு கத்தல், கல் உருளும் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை.

வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. குப்புறப் படுத்துக் கூப்பிட்டேன். கீழே பனி மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் பையிலிருந்த பொறை பாக்கெட்டை எடுத்துச் சரசரவென்று கசக்கினேன். கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது. அழுதுவிட்டேன்.

ஏழுமலை வேனில் தார்ப்பாய் கட்டும் கயிற்றை மரத்தில் சுற்றி என் இடுப்பில் கட்டினார். அடிபட்ட நாய் வேறு யாரையும் கிட்டே விடாது, நான்தான் இறங்கியாக வேண்டும். பாறையைப் பார்த்தபடி, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு இறங்க வேண்டும். விளிம்பில் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டெல்லா மிஸ் மண்டியிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கால் வைக்க இடம் பார்த்துச் சொன்னார்: “நான் பாக்கறேன் தம்பி. கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம்.”

இப்போதெல்லாம் மண்டபத்தில் ‘முன்னாடி வாங்க’ என்று மட்டும்தான் சொல்கிறேன். பல ஆல்பங்களில் மாப்பிள்ளைக்குக் கால் இல்லை, ஆனால் பொறைக்கு, ஒன்று நொண்டினாலும், நாலும் இருக்கிறது.